ரோட்டோரக் கீரை, புளி, சீதாப்பழம்: பறித்தால் குற்றமா?

நல்ல மழை பெய்து ஓய்ந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ரோட்டோரமெல்லாம் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் முளைத்து நிற்கும். களிக்குக் கடைய ஒரு மடி கீரை பறிக்கும் பெண்களிடம் "இது கவர்மென்ட் இடம், கை வைக்கக் கூடாது" என்று யாராவது அதட்டினால், பலர் பறித்ததையும் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லாதது. ஆனால் கீரைக்குச் சொல்வது புளிக்குப் பொருந்தாது, ஊர் ரோட்டுக்குச் சொல்வது காட்டு ரோட்டுக்குப் பொருந்தாது.

முதலில் பார்க்க வேண்டியது இடம் யாருடையது என்பது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் தொப்பூர் இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 44 ஒன்றிய அரசின் சொத்து. மாநில நெடுஞ்சாலைகள், மாவட்டச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. ஊருக்குள் போகும் சாலைகள் ஊராட்சியையோ ஊராட்சி ஒன்றியத்தையோ சேர்ந்தவை. சந்தேகம் வந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த சர்வே எண்ணைச் சொல்லி 'அ' பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். புறம்போக்கா பட்டாவா என்று அதில் இருக்கும். ரோட்டை ஒட்டிய வேலி பெரும்பாலும் விவசாயியுடையது. அதில் படர்ந்த கோவைத்தழையையும் பிரண்டையையும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே பறிக்க வேண்டும்.

சாலைப் புறம்போக்கில் தானாக முளைத்த கீரையைப் பறித்தால் அது திருட்டா? 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டைப் பற்றிச் சொல்வது 303ஆம் பிரிவு. செடி மண்ணில் நிற்கும்வரை திருடக்கூடிய பொருளாகாது. பறித்த நொடியில் ஆகிவிடும். ஆனாலும் நேர்மையற்ற எண்ணத்தோடு, ஒருவர் வசம் உள்ளதை, அவர் சம்மதம் இல்லாமல் எடுத்தால்தான் அது திருட்டு. யாரும் விதைக்காத, யாரும் குத்தகை எடுக்காத, நாளை சாலைப் பணியாளர் வெட்டி எறியப்போகிற கீரையில் அப்படிப்பட்ட எண்ணத்தை நிரூபிப்பது கடினம். அதோடு, சாதாரண மனிதர் யாரும் புகார் சொல்லாத அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமாகாது என்று அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுக்கு ஒரு வேளைக் கீரை என்பது அந்த அளவுக்குள்தான் வரும் என்பது என் கருத்து. சாக்குக் கணக்கில் பறித்துச் சந்தைக்கு அனுப்பினால் இந்த வாதம் நிற்காது.

நம் இரண்டு மாவட்டங்களிலும் தகராறு வருவது பெரும்பாலும் புளியில்தான். சாலையோரப் புளிய மரங்களின் மகசூலை நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சிகளும் ஏலம் விடுகின்றன. ஏலம் போன மரத்தின் காய் குத்தகைதாரருக்குச் சொந்தம். உலுக்கியது மட்டுமல்ல, தானாக விழுந்து கிடப்பதும்தான். காசு கட்டி எடுத்தவரும் பெரும்பாலும் நம் ஊர்க்காரர், அவருக்கும் அது ஒரு வருஷப் பிழைப்பு. சில மரங்களுக்கு 2சி பட்டா இருக்கும். நிலம் அரசுடையதாகவே இருக்க, மரத்தின் பலனை மட்டும் ஒருவர் அனுபவிக்க வருவாய்த் துறை தருவது அது. ஆக, புளிய மரத்தடியில் பொறுக்குவதற்கு முன் யார் பேரில் இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். கொழுந்தும் பூவும் ஏலத்தில் சேர்ந்ததா என்பது ஏல நிபந்தனையைப் பொறுத்தது.

அப்படியே புகார் போனாலும், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் என்றால் வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது, ஜாமீனும் உரிமையாகக் கிடைக்கும். முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமுதாய சேவைதான் தண்டனை. "பத்தாயிரம் கொடு, இல்லாவிட்டால் ஜெயில்" என்று மிரட்டுபவருக்கு இதைச் சொல்லலாம்.

காட்டு வழி ரோடு வேறு கதை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் சாலை, தேன்கனிக்கோட்டை – அஞ்செட்டி சாலை, தொப்பூர் கணவாய் இங்கெல்லாம் தார் முடிந்த இடத்தில் காப்புக்காடு தொடங்கிவிடும். அங்கே உள்ள பழம், இலை, கிழங்கு எல்லாம் வன விளைபொருள். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியின்றி எடுப்பது குற்றம். 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு, 2022இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வண்டியை நிறுத்திச் சீதாப்பழம் பறிக்கும் சுற்றுலாக்காரர் கவனிக்க வேண்டியது இதுதான்.

அந்தக் காட்டையே நம்பி வாழும் இருளர், மலையாளி போன்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலைமை வேறு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(இ), வழிவழியாகச் சேகரித்துவந்த சிறு வன விளைபொருளை எடுக்க, பயன்படுத்த, விற்க அவர்களுக்கு உரிமை தருகிறது. சரணாலயத்துக்குள்ளும் இந்தச் சட்டம் பொருந்தும். பழங்குடி அல்லாதவர்கள் என்றால் 13.12.2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்து காட்டை நம்பியிருந்திருக்க வேண்டும். மனு முதலில் கிராம சபைக்குப் போகும், பிறகு கோட்ட அளவிலான குழு, முடிவாக ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. காகிதம் இல்லை என்று விட்டுவிட வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் சாட்சியத்தை எழுதிக் கொடுத்தால் அதுவும் ஆதாரம். சமூக உரிமைக்குத் தனிப் படிவம் உண்டு, ஊரே சேர்ந்து கேட்கலாம். கேட்காமல் இருப்பதால் ஒவ்வொரு முறையும் வனக் காவலரின் தயவில் நிற்க வேண்டியிருக்கிறது, அது நியாயமே இல்லை.

சட்டம் தடுக்காத இடத்திலும் எல்லாவற்றையும் பறித்துவிடாதீர்கள். நான்குவழிச் சாலையின் நடுவில் பூத்து நிற்கும் அரளி முழுக்க விஷம். வண்டி ஓயாத சாலையின் ஓர மண்ணில் டயர்த் தூசும் ஈயமும் தங்கியிருக்கும். களைக்கொல்லி அடித்த வயலோரத்துக் கீரையும் வேண்டாம். உள்ரோட்டில், சாலையிலிருந்து நாலு எட்டு தள்ளிப் பறிப்பது நல்லது.

ஊராட்சிச் சாலை என்றால் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் இதைப் பேசலாம்: புளி ஏலம் விடும்போது கீரையும் கொழுந்தும் ஊர் மக்களுக்கு என்று நிபந்தனையில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். எந்த மரம், யாருக்கு, எந்தத் தேதிவரை ஏலம் போனது என்று தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஊராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்கோ மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.