எல்லா வேட்டைக்கும் ஒரே ரைபிள்: சன்னம் பறக்கிற கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மட்டக்களப்பில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது வாங்குவதற்கான வழிகாட்டி இல்லை. இங்கே மானையோ மரையையோ சுடுவது குற்றம், 1937 ஆம் ஆண்டு வந்த தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, படுவான்கரை வயல் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு யாரிடமாவது துவக்கு இருந்தால் அது பெரும்பாலும் சொட்கன்தான். ஆனால் எங்கள் ஆட்கள் நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கிறார்களே. அங்கே முறையாகத் தேர்வு எழுதி வேட்டை உரிமம் எடுத்த மச்சான் ஒருவர் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது: "ஒரே ஒரு ரைபிள்தான் வாங்குவேன். சின்ன மானுக்கும் மூஸ் என்கிற பெரிய மானுக்கும் அதுவே போதும் என்று இருக்கவேணும், தூரத்துக்கும் சுடவேணும். எது நல்லது?"

கேள்வி சின்னது. பதில் சொல்ல வெளிக்கிட்டால் பௌதிகவியல் புத்தகத்தில் பாதி வந்து நிற்கிறது.

சொட்கனில் இருந்து தொடங்குவோம். அதன் ரவைக்குள், அதாவது வெடிமருந்தோடு சேர்த்து அடைத்த கூட்டுக்குள், இருப்பவை சின்னச் சின்ன ஈய உருண்டைகள். உருண்டை வடிவம் காற்றைக் கிழிக்க மிக மோசமான வடிவம், வேகம் சடுதியாகக் குறையும், உருண்டைகள் பரவியும் போகும், அதனால் 40 மீற்றர் தாண்டினால் அதை நம்ப முடியாது. வெள்ளைக்காரர்கள் இந்தத் தீவில் யானைகளைச் சுட்டுத் தள்ளிய காலத்தில் உருண்டைதான் இருந்தது; 1840களில் இங்கு வந்த சாமுவேல் பேக்கரிடம் ஒன்பதரைக் கிலோ எடையுள்ள துவக்கு ஒன்று இருந்தது, அது சுட்ட ஈயத்தின் எடை 85 கிராம். அதையும் யானைக்குக் கிட்டப் போய்த்தான் சுடவேண்டியிருந்தது. இன்றைய வேட்டை ரைபிளின் சன்னம் 9 அல்லது 10 கிராம், அவ்வளவுதான், ஆனால் மூக்குக் கூராக, வால் சற்று ஒடுங்கி, நீளமாக இருக்கிறது. அந்த வடிவம்தான் தூரத்தை வாங்கித் தருகிறது.

நீளமான சன்னம் காற்றில் தலைகீழாகப் புரளாமல் இருக்கவேண்டுமென்றால் சுழலவேண்டும். குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்கள் அதற்காகத்தான். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வெட்டிய குழலில் இருந்து செக்கனுக்கு 820 மீற்றர் வேகத்தில் சன்னம் வெளியே வந்தால், அது செக்கனுக்கு நாலாயிரம் தடவை சுழல்கிறது. சன்னத்தின் நீளம் கூடக்கூட இந்தச் சுருளும் நெருக்கமாக இருக்கவேண்டும். ரைபிள் வாங்கும்போது பலர் கேட்க மறக்கிற கேள்வி இது.

சரி, இப்போது 300 மீற்றர். மூன்று கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் அடுக்கினால் வருகிற தூரம். 308 வின்செஸ்டர் என்ற பிரபலமான ரவையில் சன்னம் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.42 செக்கன் எடுக்கும். அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதைக் கிட்டத்தட்ட 80 சென்ரிமீற்றர் கீழே இழுத்துவிடும். எவ்வளவு வேகமாகப் போனாலும் விழுவது விழுவதுதான். 300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய ரவையைப் போட்டால் நேரம் கொஞ்சம் குறையும், விழுவதும் 15, 20 சென்ரிமீற்றர் குறையும். பழைய காலத்தில் இது பெரிய இலாபம், ஏனென்றால் தூரத்தைக் கண்ணால்தான் மட்டுக்கட்டினார்கள். இப்போது லேசர் தூரமானி கையில் இருக்கிறது, தூரம் தெரிந்தால் எவ்வளவு விழும் என்பதும் தெரியும், ரைபிளின் மேல் பூட்டிய குறிபார்க்கும் தொலைநோக்கியை, அதாவது ஸ்கோப்பை, திருகிவிட்டால் முடிந்தது. 200 மீற்றருக்குச் சரிசெய்து வைத்தால் 100 மீற்றரில் சன்னம் குறிக்குச் சுமார் 6 சென்ரிமீற்றர் மேலே போகும், 300 இல் 25 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமாகக் கீழே போகும். அதற்காக மேக்னம் வாங்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

உண்மையான தலையிடி காற்று. கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் வெட்டை வயலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், காலடியில் ஒரு வேகம், நூறு மீற்றர் தள்ளி வரம்போரப் பனையில் இன்னொரு வேகம். பக்கக் காற்று சன்னத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நடப்பது அதைவிடச் சுவையானது. சுழலும் சன்னம் தன்னை நோக்கி வருகிற காற்றோட்டத்துக்கு நேராக மூக்கைத் திருப்பிக்கொள்ளும். பக்கத்தில் இருந்து காற்று வந்தால் மூக்கு மிகச் சிறிதளவு அந்தப் பக்கம் திரும்பும். காற்றின் தடை எப்போதும் மூக்கில் இருந்து வால் நோக்கி இழுப்பது, இப்போது சன்னம் சற்றுச் சரிந்து நிற்பதால் அந்த இழுவையில் ஒரு துளி பக்கவாட்டாக வேலை செய்கிறது. ஆகவே காற்று எவ்வளவு விலக்கும் என்பதைத் தீர்மானிப்பது, காற்றுத் தடையால் சன்னம் எவ்வளவு நேரத்தை இழந்தது என்பதுதான்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. காற்றே இல்லாத வெளியில் அந்த 308 சன்னம் 300 மீற்றரை 0.37 செக்கனில் கடந்துவிடும். காற்றில் 0.42. இழந்தது 0.05 செக்கன். பக்கக் காற்று செக்கனுக்கு 4 மீற்றர் என்றால் இரண்டையும் பெருக்குங்கள், 20 சென்ரிமீற்றர். 500 மீற்றரில் இதே காற்று அதை 60 சென்ரிமீற்றர் அளவில் விலக்கிவிடும், தூரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, விலகல் மூன்று மடங்கு. இன்னும் ஒல்லியான, நீளமான 6.5 மில்லிமீற்றர் வகைச் சன்னம் கிட்டத்தட்ட அதே வேகத்தில் புறப்பட்டும் அங்கே 40 சென்ரிமீற்றர் அளவில்தான் விலகும், ஏனென்றால் வழியில் குறைவாக இழக்கிறது. மானின் நெஞ்சுப் பகுதியில் உயிர்நிலை இருக்கிற இடம் 20, 25 சென்ரிமீற்றர் அகலம். காற்றைத் தப்பாகக் கணித்தால் காயம்பட்ட மான் காட்டுக்குள் ஓடிவிடும், அதைவிடக் கேவலமான வேட்டை இல்லை.

இடையில் ஒரு சின்ன விஷயம். கனமான காற்று சன்னத்தை அதிகம் தடுக்கும், அதனால் புழுக்கமான எங்கள் ஊர்க் காற்றுத்தான் கனம் என்று பலர் நினைப்பார்கள். மாறித்தான் இருக்கிறது. நீராவி உலர் காற்றைவிட இலேசானது, சூடும் காற்றை இலேசாக்கும். மட்டக்களப்பில் 30 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று சுமார் 1.15 கிலோ, நோர்வேக் கடற்கரையில் மைனஸ் 10 பாகையில் 1.34 கிலோ. அதே குளிரில் ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிற கால்கரிக்குப் போனால் திரும்பவும் 1.19 அளவுக்கு வந்துவிடும். குளிரில் வெடிமருந்தும் கொஞ்சம் மெதுவாக எரியும். ஆகவே கோடையில் சரிசெய்த ஸ்கோப்பைக் குளிர்காலத்தில் அப்படியே நம்பக்கூடாது.

இலக்கில் பட்டதும் கதை முடியவில்லை. வேட்டைச் சன்னம் உள்ளே போய்க் காளான் மாதிரி விரியவேண்டும், அப்போதுதான் விலங்கு விரைவாக விழும். பொதுவாக அதற்கு செக்கனுக்கு 550 மீற்றர் அளவிலாவது வேகம் மிச்சம் இருக்கவேண்டும். அதற்குக் கீழே போனால் ஊசி குத்தியது போல் ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடும். அதனால் ஒரு ரவையின் உண்மையான எல்லை, பயிற்சிக்கு வைத்த தகட்டில் பட்டு டங் என்று சத்தம் கேட்கிற தூரத்துக்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. கிட்டத்தில் எதிர்ப் பிரச்சினை: மேக்னம் வேகத்தில் 50 மீற்றரில் எலும்பில் பட்டால் மென்மையான சன்னம் சிதறி இறைச்சி முழுக்க ஈயம். அப்படிச் சிதறிய ஈயத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததால்தான் கலிபோர்னியா 2019 முதல் வேட்டைக்கு ஈய ரவையையே தடுத்தது. செம்புச் சன்னம் சிதறாது, ஆனால் விரிய இன்னும் கொஞ்சம் வேகம் கேட்கும்.

அப்புறம் தோள். சன்னமும் வெடிவாயுவும் முன்னே போகிற உந்தம் அத்தனையும் துவக்குக்குப் பின்பக்கமாகக் கிடைக்கும், இது நியூட்டன் கணக்கு, யாரும் தப்ப முடியாது. 3.6 கிலோ ரைபிளில் 6.5 கிரீட்மூர் என்ற 6.5 மில்லிமீற்றர் வகை ரவை என்றால் பின்னுதைப்பின் சக்தி 16 யூல் அளவில், 308 இல் 21, 300 மேக்னத்தில் 36. அந்த 36 ஐ வாங்கப் பழகாதவன் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிவிடுவான், உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. சூடு இரண்டு பாகைக் கலை (ஒரு கலை பாகையில் அறுபதில் ஒரு பங்கு) விலகினாலே 400 மீற்றரில் 23 சென்ரிமீற்றர், அதாவது உயிர்நிலைக்கு வெளியே.

அதனால் மச்சானுக்கு நான் சொன்னது 6.5×55. 1890களில் சுவீடனும் நோர்வேயும் இராணுவத்துக்காகச் சேர்ந்து உருவாக்கிய ரவை, இன்றும் ஸ்கண்டிநேவியக் காடுகளில் 400 கிலோ மூஸைச் சாய்க்கிறது. 2007 இல் வந்த கிரீட்மூர் அதே விட்டமுள்ள சன்னத்தைத்தான் குட்டையான கூட்டில் வைத்துச் சுடுகிறது, வித்தியாசம் பெரிதில்லை, இரண்டில் எந்த ரவை கடையில் மலிவோ அதற்கான ரைபிளை எடுக்கலாம். மூஸே முக்கியம், காட்டுக்குள் 150 மீற்றருக்குள்தான் சுடுவேன் என்றால் 308 உம் நல்லது. கரடி உலாவுகிற அலாஸ்காவுக்குப் போகிறவன் கதை வேறு, அவன் மேக்னத்தைத் தூக்கட்டும்.

துவக்கின் எடை மூன்றரைக் கிலோவைச் சுற்றி, குழல் 22 அங்குலம், காசில் மிச்சம் பிடிக்காமல் நல்ல ஸ்கோப். நோர்வேயில் வேட்டைக்காரர் சைலன்சர் பூட்டலாம், அது காதைக் காப்பதோடு பின்னுதைப்பையும் குறைக்கும், அதையும் வாங்கச் சொன்னேன். அங்கே பெரிய விலங்கு வேட்டைக்கு ஆண்டுதோறும் 100 மீற்றரில் ஐந்து சூடு சுட்டுத் தேர்வில் தேறவேண்டும். அதற்குப் பயிற்சி எடுக்கும்போது ஐந்தையும் ஒரே மூச்சில் சுட்டால் குழல் சூடாகி, சன்னம் விழும் இடம் மாறலாம். வேட்டையில் கிடைப்பது குளிர்ந்த குழலின் முதல் சூடு. ஆகவே ஒன்று சுட்டு, குழலை நன்றாக ஆறவிட்டு, அடுத்ததைச் சுட்டு, அந்தத் துளைகளை வைத்தே ஸ்கோப்பைத் திருத்தும்படி எழுதி அனுப்பியிருக்கிறேன்.