வாட்ஸ்அப்பில் கிடந்த கையெழுத்து

போன வருடம் பட்டர்வொர்த்திலிருந்து பெரி படகு ஏறி, மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஓர் அக்கா வந்தார். 2017-இல் தெரிந்த ஒருவருக்கு 18,000 வெள்ளி (ரிங்கிட்) கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். அந்த வருடமே திருப்பித் தருவதாகப் பேச்சு. "ஒரு தாள்லகூட கையெழுத்து வாங்கலையே தம்பி" என்றார்.

அதைவிடக் காலக்கெடுதான் எனக்குக் கவலை. மலேசியாவின் 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, கடனுக்கு 6 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் கடன் வாங்கியவர் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அன்றிலிருந்து புதிதாக 6 ஆண்டு ஓடும். அக்கா கொண்டுவந்த நான்கு பிரிண்டில் ஒன்று, 2021-இல் வந்த வாட்ஸ்அப்: "அக்கா, அந்த 18,000 மறக்கல, வீடு வித்ததும் கொடுத்துடுறேன்."

இது எழுத்தா, கையொப்பமா? 2006 அக்டோபர் முதல் நடப்பிலிருக்கும் மின்வணிகச் சட்டம், மின்னணுச் செய்தி என்பதற்காகவே ஒன்றைச் செல்லாது என்று தள்ளக்கூடாது என்கிறது. மின்கையொப்பம் அந்தச் செய்தியோடு சேர்ந்திருக்க வேண்டும். ஆளையும் அவர் சம்மதத்தையும் போதுமான அளவு காட்ட வேண்டும். காரியத்துக்கு ஏற்ற நம்பகம் வேண்டும். அவ்வளவுதான். 2014-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ஒரு குறுஞ்செய்தியையே கையொப்பமிட்ட கடன் ஒப்புதலாக ஏற்றது. இலக்கவியல் (டிஜிட்டல்) கையொப்பம் என்பது வேறு. அது உரிமம் பெற்ற நிறுவனம் தரும் சான்றிதழோடு வருவது, 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

எல்லாவற்றுக்கும் இது உதவாது. உயில், பவர் பத்திரம், காசோலை, டிரஸ்ட் ஆகியவற்றை மின்வணிகச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அப்பா வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக உயில் சொன்னார் என்று வந்தால் நான் இல்லையென்று தலையைத்தான் ஆட்ட முடியும்.

அக்கா விஷயத்தில் சட்டம் தடையில்லை. அந்த பிரிண்ட்தான் தடை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் மேலே இருந்த எண்ணையும் தேதியையும் வெட்டிவிட்டார். 'நல்லா பெருசா தெரியட்டும்'னு மகன் செய்த வேலை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதே, இதை அனுப்பியது யார், எப்போது என்றுதான். கணினியில் உருவான ஆவணங்களைச் சாட்சியச் சட்டம் 1950-இன் 90ஏ பிரிவு ஏற்கிறது. என்றாலும் அது எந்தக் கருவியிலிருந்து வந்தது, அந்தக் கருவி வழக்கமான பயன்பாட்டில் இருந்ததா என்பதையெல்லாம் சொல்ல ஆள் வேண்டும். அதனால் நான் கேட்பது எப்போதும் போனைத்தான்.

"போன் மாத்தியாச்சே தம்பி. பழசு பேத்திகிட்ட விளையாடக் கொடுத்துட்டேன்."

அழித்துக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். தெரியாது என்றார். என் மேசையிலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார். திரை விரிசலாம், ஆனால் சார்ஜ் ஏறுகிறதாம். "அதுல எதையும் தொடாதேன்னு சொல்லுங்க அக்கா" என்றேன். அடுத்த பெரியில் கொண்டு வந்துவிட்டார். 2021 செய்தி, எண்ணும் தேதியுமாக, அப்படியே இருந்தது.