நிழல் தருகிறதே என்று அந்தப் பாறைக்குக் கீழே உட்காராதீர்கள்

மணற்குன்று இறுகி உருவான சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் உலகின் பல கடற்கரைகளில் உண்டு. பார்க்கிறவர்கள் கருங்கல் அளவுக்கு உறுதி என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை, அது இன்னும் பாதி மணல்தான். பாறை ஆய்வுக்குப் போகிற இடங்களிலெல்லாம் நான் முதலில் சொல்வது இதுதான்.

சிப்பி, பவளம் போன்றவற்றின் ஓடுகளை அலை அரைத்துக் கரையில் போடும், காற்று அதை அள்ளிக் குன்றாகக் குவிக்கும். பனியுகக் காலங்களில் கடல்மட்டம் ஏறி இறங்க இறங்க இது பல தடவை நடந்திருக்கிறது. அப்புறம் மழைநீரின் வேலை. மண்ணில் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்த அந்த நீர், மேலே உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய், மணல் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் படியவிடும். அந்தப் பசைதான் மணலைப் பாறையாக்குகிறது. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. மேற்பரப்பில் சுத்தியலுக்கும் மசியாத ஓடு இருக்கும், அதற்குக் கீழேயே விரலால் சுரண்டினால் உதிரும் அடுக்கு இருக்கும், நடுவே பழைய செம்மண், செடிவேர்களைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து உண்டான குழாய்கள். ஆஸ்திரேலியாவின் பால்ட் ஹெட் முனையில் 1836இல் டார்வின் பார்த்து எழுதியது இப்படிப்பட்ட வேர்க்கற்களைத்தான்.

அலை கீழே உள்ள மெத்தென்ற அடுக்கை அரிக்கும், மேலே உள்ள ஓடு கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். மழை பெய்தால் பாறை நீரைக் குடித்து எடை கூடும், பிடிப்பும் தளரும். மனிதர்கள் ஒதுங்குவதும் அதே மழையில்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேஸ்டவுனில் 1996 செப்டம்பர் 27 அன்று, பள்ளி அலைச்சறுக்குப் போட்டிக்கு வந்தவர்கள் மழைக்கு இப்படி ஒரு கூரையின் கீழ் ஒதுங்கினார்கள். அது இடிந்து 9 பேர் இறந்தார்கள். விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசல், சுவரில் வெளிறிய புதுத் தழும்பு, அடியில் கூர்மை மழுங்காத கற்கள், இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் விலகிவிடுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் சுவரின் உயரம் அளவுக்காவது தள்ளி நடங்கள். எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதால் அந்த இடம் பத்திரம் என்று ஆகிவிடாது.

சரி, பாதுகாக்க என்ன வழி? பலர் முதலில் கேட்பது தடுப்புச்சுவர். அது சிலசமயம் தேவைதான், ஆனால் அடுத்த கரைக்குப் போகவேண்டிய மணலையும் அது நிறுத்திவிடும், சுவர் முடியும் இடத்தில் அரிப்பு கூடும். என் பார்வையில் அதைவிட முக்கியம் மேலே விழும் தண்ணீர். விளிம்பில் புல்வெளி போட்டுத் தினமும் நீர் பாய்ச்சுவது, மழைநீர்க் குழாயை, கழிவுநீர்த் தொட்டியை அங்கேயே கொண்டுபோய் முடிப்பது, இவையெல்லாம் பாறையை உள்ளிருந்து கரைக்கும். கட்டடம் கட்டினால் தள்ளிக் கட்டுங்கள், தானாக முளைத்த செடிகளை மிதிக்காமல் விடுங்கள். அப்புறம், கீழே விழுந்து கிடக்கும் கற்களை "அசிங்கமாக இருக்கிறது" என்று அள்ளிவிடாதீர்கள், அலையின் முதல் அடியை வாங்குவது அவைதான்.

இடிவதையெல்லாம் நிறுத்தவும் முடியாது, நிறுத்தவும் வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் நஹூன் முனையில் 1964இல் கிடைத்த மனிதக் காலடித் தடங்கள் சுமார் 1,24,000 ஆண்டு பழையவை, இதே வகைப் பாறையில்தான் பதிந்திருந்தன. புதிதாக உடையும் முகத்தில் இப்படி ஏதாவது தெரியலாம், அலை அதைச் சீக்கிரமே அழித்தும்விடும். பார்த்தால் பெயர்த்து எடுக்கவோ பெயரைச் செதுக்கவோ வேண்டாம். தள்ளி நின்றே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.