வயிற்று வலி என்று சொன்ன பையன்

ஒன்பதாம் வகுப்புப் பையன். முந்தின நாள் மாலையிலிருந்து வயிறு வலிக்கிறது, இரண்டு முறை வாந்தி எடுத்தான், மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை கேட்கவில்லை என்று அவனுடைய அம்மா சொல்லிக்கொண்டிருக்க, அவன் தரையைப் பார்த்தபடியே நின்றான். உள்ளே வரும்போது கால்களை அகட்டி அகட்டி நடந்ததைக் கவனித்திருந்ததால், அம்மாவை வெளியே உட்காரச் சொல்லி, ஆண் செவிலியரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு, "தம்பி, கீழே எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அழுதான். இடது விதை வீங்கிச் சிவந்து மேலேறி நின்றது. அறுவை அரங்கில் திறந்து பார்த்தபோது அது கறுத்துப் போயிருந்தது, எடுத்துவிட வேண்டியதாயிற்று.

இதற்கு விதை முறுக்கம் என்று பெயர். விதைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொடி முறுக்கிக்கொள்ள, ரத்த ஓட்டம் நின்றுவிடும். எந்த வயதிலும் வரலாம் என்றாலும், 12 முதல் 18 வயதுக்குள்தான் மிகுதியாக வருகிறது. பருவமடையும்போது விதை வேகமாக வளர்வதும், சிலருக்கு அது விதைப்பையோடு சரியாக ஒட்டாமல் பிறவியிலேயே தொங்கலாக இருப்பதும் காரணங்கள். வலி தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கடந்துவிட்டால் அது பிழைப்பது அரிது.

அவனுக்கு வலி தொடங்கியது கபடிப் பயிற்சியின்போது. பயிற்சியாளரிடம் சொன்னால் மற்ற பையன்கள் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தபோது, "ஆம்பளப் புள்ள இதுக்கெல்லாமா படுப்பான்" என்றாராம் அப்பா. அவர் கெட்டவர் அல்லர். அவருடைய அப்பா அவரிடம் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். பையன் அதன்பிறகு வலிக்கும் இடத்தை வயிறு என்று மாற்றிச் சொல்லிவிட்டான். சில பையன்களுக்கு இந்த வலி உண்மையிலேயே அடிவயிற்றில் மட்டும்தான் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே அடிவயிறு வலிக்கிறது என்று வரும் ஒவ்வொரு பையனுக்கும் கீழேயும் பார்த்துவிட வேண்டியது மருத்துவர்களாகிய எங்கள் கடமை.

ஒரு பெண் பெரியவளானால் வீட்டில் யாராவது ஒருவர் அவளிடம் பேசிவிடுகிறார்கள். அந்தச் சடங்கைக் குறித்து எனக்கு மாற்றுக் கருத்து உண்டு; ஆனாலும் பேச்சு என்று ஒன்று நடக்கிறது. பையனுக்குக் குரல் உடைந்தால் கேலி, மீசை அரும்பினால் கேலி, அதோடு சரி. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பானது என்று அவனுக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால், பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய 'ஆண்மைக் குறைவு' நோட்டீஸ் சொல்கிறது, மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் 'டாக்டர்' சொல்கிறார். உடம்பு உருகிப் போகிறது என்று நம்பி, படிப்பையும் தூக்கத்தையும் இழந்து வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

மே மாத வெயிலில் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டு வந்த ஒருவனும் நினைவில் இருக்கிறான். மார்பு சற்றுப் புடைத்திருந்தது. பருவமடையும் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஆகும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே வடிந்துவிடும். இது தெரியாமல் அவன் ஓராண்டாக விளையாட்டு வகுப்புக்கே போகவில்லை.

வளரிளம் பருவத்தினருக்காக 2014இல் மத்திய அரசு தொடங்கிய உடல்நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையுள்ள ஆண், பெண் இருபாலருக்கும் உரியது. ஆனால் தன் மகனைத் தானாக அழைத்து வந்து, "இவன்கிட்ட கொஞ்சம் பேசுங்க" என்று கேட்ட தகப்பனை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அறுவை முடிந்ததும் அந்த அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இனிமே இவனுக்குக் குழந்தை பொறக்குமா சார்?" பிறக்கும், ஒரு விதையே போதும், அது முறுக்கிக்கொள்ளாதபடி தையல் போட்டு நிறுத்திவிட்டோம் என்றேன். பையன் கேட்டது வேறு: "ஸ்கூல்ல யாருக்கும் தெரியாதுல்ல?"

வீட்டில் பையன் இருந்தால், இன்றைக்கே ஒன்று சொல்லி வையுங்கள்: அந்த இடத்தில் திடீரென வலித்தால், நள்ளிரவானாலும் எழுப்பு, திட்ட மாட்டேன். வலி தானே நின்றுவிட்டாலும் காட்டிவிட வேண்டும். முறுக்கு தானே அவிழ்ந்து மீண்டும் விழக்கூடும். அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு நேரே போங்கள். வழியில் அவனுக்குச் சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும்.