பிடித்த மீன் தட்டுக்கு வந்து சேரும்வரை

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நான்கு நண்பர்கள் ஒன்றாக வந்தார்கள். நான்கு பேருக்கும் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன. தலைவலி, படபடப்பு, உடம்பெல்லாம் அரிப்பு. ஒருவருக்கு வாந்தியும் இருந்தது. கடலோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, தூண்டிலில் பிடித்த சூரை மீனை அங்கேயே வறுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் எல்லாம் தொடங்கிவிட்டது.

"சின்ன வயசுலேர்ந்து மீன் சாப்பிடறோம் டாக்டர், யாருக்கும் அலர்ஜி கிடையாது" என்றார் ஒருவர். அவர் சொன்னது சரிதான். நான்கு பேருக்கு ஒரே ராத்திரியில் புதிதாக அலர்ஜி வராது. மீனை எப்போது பிடித்தீர்கள் என்று கேட்டேன். காலை ஆறரைக்கு. எப்போது சமைத்தீர்கள்? சாயங்காலம் ஏழு மணிக்கு. நடுவில் மீன் எங்கே இருந்தது? வாளியில், மேலே ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தோம் என்றார்கள்.

விஷயம் அந்த வாளியில்தான் இருந்தது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் செத்த பிறகு வெக்கையில் கிடந்தால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பே வெளிவிடுகிற அதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் பார்க்க அலர்ஜி மாதிரியே இருக்கிறது. முக்கியமான ஒன்று, ஒருமுறை உண்டாகிவிட்ட ஹிஸ்டமினை எவ்வளவு வறுத்தாலும், எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் போக்க முடியாது. மீனில் கெட்ட நாற்றம்கூட வராமல் இருக்கலாம். சில சமயம் வாயில் வைத்ததும் மிளகைக் கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும். அப்படி இருந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

"நல்லா வேகவெச்சுத்தானே சாப்பிட்டோம்?" இந்தக் கேள்வியை என்னிடம் பலர் அடிக்கடி கேட்கிறார்கள். வேகவைப்பது கிருமியைக் கொல்லும். கிருமி ஏற்கெனவே செய்து வைத்துவிட்டுப் போன நஞ்சை எல்லா நேரமும் அழிக்காது. கூடாரச் சமையலில் அடுப்பு பற்றவைப்பதற்கு முந்தைய சில மணி நேரங்கள்தான் முக்கியம்.

எனக்கும் தூண்டில் பழக்கம் உண்டு. கிளம்பும்போது முதலில் வண்டியில் ஏறுவது ஐஸ் பெட்டி. மீன் பிடிபட்டதும் உடனே கொன்று, செவுளை அறுத்து ரத்தத்தை வடித்துவிடுவேன். பிறகு வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, முள்ளெலும்பை ஒட்டி இருக்கும் கருஞ்சிவப்பு ரத்தக் கோட்டையும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக் கழுவிவிடுவேன். அப்புறம் ஐஸ். வெறும் ஐஸ் கட்டிகளின் மேல் மீனைக் கிடத்தினால் அங்கங்கேதான் குளிர் படும். ஐஸோடு தண்ணீர் சேர்த்துக் கூழ் மாதிரி ஆக்கி, அதில் மீனை முழுக்க அமிழ்த்தினால் சுற்றிலும் குளிர்ந்து சீக்கிரம் ஆறும். கடல்தண்ணீர் சேர்த்தால் உப்பு இருப்பதால் இன்னும் நன்றாகக் குளிரும். நன்றாகக் குளிர்ந்த பிறகு எடுத்து, பையில் போட்டு மறுபடியும் ஐஸுக்குள் புதைத்துவிடலாம். குடிக்கும் தண்ணீரையே பாட்டில்களில் உறைய வைத்து எடுத்துப் போனால் அது பெட்டியைக் குளிர வைக்கும், உருகிய பிறகு தாகத்துக்கும் ஆகும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, மீனே கிடைக்காது என்று நினைத்துத் திட்டமிடுங்கள். மீனை மட்டும் நம்பிப் போனவர்கள்தான், மத்தியானம்வரை ஒன்றும் சிக்காமல், பசி மயக்கத்தில் கையில் கிடைத்ததைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள். காற்றிலும் ஈரத்திலும் நாள் முழுக்க நின்ற உடம்புக்குச் சூடும் உப்பும் மாவுச்சத்தும் வேண்டும். அதற்கு ஒரே பானையில் செய்வது போதும்.

நான் வழக்கமாகச் செய்வது இதுதான். அரிசியையும் சீக்கிரம் வேகும் சிவப்புப் பருப்பையும் ஆளுக்கு இவ்வளவு என்று வீட்டிலேயே அளந்து பையில் கட்டிக்கொள்வேன். அங்கே போய், எண்ணெயில் வெங்காயத்தை ஓரம் கருகும்வரை விடாமல் வதக்குவேன். பொறுமை வேண்டிய வேலை இது ஒன்றுதான், ருசி முழுக்க இதில்தான் இருக்கிறது. பிறகு உருளைக்கிழங்குத் துண்டுகள், அரிசி, பருப்பு, உப்பு, தாராளமாகத் தண்ணீர். முக்கால்வாசி வெந்ததும், மீன் இருந்தால் உப்பு தடவிய துண்டுகளை மேலே பரப்பி மூடிவிடுவேன். அடியிலிருந்து வரும் ஆவியிலேயே பத்து நிமிடத்தில் மீன் வெந்துவிடும், சாறெல்லாம் சோற்றில் இறங்கியிருக்கும். மீன் இல்லையென்றால் இரண்டு முட்டை உடைத்து ஊற்றுவேன். எப்படியும் வயிறு நிறைந்துவிடும்.

மீன் வெந்ததா என்று பார்க்க, முதுகில் தடிமனான இடத்தில் முள்கரண்டியால் லேசாகத் திருகுங்கள். கண்ணாடி மாதிரித் தெரிந்த சதை முழுக்க வெண்மையாகி, இதழ் இதழாகப் பிரிய வேண்டும். வெப்பமானி இருந்தால் உள்ளே 63 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஆற்றிலும் ஏரியிலும் பிடித்த மீனை அரைவேக்காட்டிலோ பச்சையாகவோ சாப்பிடவே கூடாது. நாடாப்புழு, கல்லீரல் புழு போன்றவை அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. மலைக்கு மேலே சமைப்பவர்கள் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 3000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் அரிசி, பருப்பு வேக நேரமாகும். ஓடைத் தண்ணீரைக் குடிப்பதாக இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம்.

மிச்சம் வராத அளவுக்குச் சமையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன், முக்கியமாகச் சோறு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சோற்றை அப்படியே வெளியில் வைத்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். காலையில் சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சமைத்தது எதுவானாலும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. மீன் அறுத்த பிசுபிசுப்புக் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். மீன் அறுத்த கத்தியையும் பலகையையும் கழுவாமல் வெங்காயத்துக்கு எடுக்காதீர்கள்.

பெயர் தெரியாத மீன் மாட்டினால் விட்டுவிடுங்கள். பேத்தை மீனின் நஞ்சு சமைத்தாலும் போகாது, மூச்சுத் தசைகளையே செயலிழக்க வைத்துவிடும். பவளப்பாறைப் பக்கம் பிடிபடும் பெரிய களவா, சீலா மீன்களிலும் சமைத்தால் போகாத நஞ்சு இருக்கக்கூடும். பெரிய மீனைவிடச் சின்ன மீன் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. ஒருமுறை தலைவலி, குமட்டல், தலைசுற்றலோடு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ராத்திரி சாப்பிட்ட சாப்பாடுதான் காரணம் என்று உறுதியாக நம்பினார்கள். பேசப் பேசத்தான் தெரிந்தது, மழை வந்ததும் தணல் இருந்த கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்து வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டில் குற்றமில்லை, கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்கிக்கொண்டிருப்பவரை அது எழுப்பாது. அவர்களுக்கு நடுவில் முழிப்பு வந்து வெளியே வந்துவிட்டதால் பிழைத்தார்கள். கரி அணைந்த மாதிரித் தெரிந்தாலும் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். மழையோ குளிரோ, கரியடுப்பும் கேஸ் அடுப்பும் கூடாரத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ராத்திரி ஒருவேளை அவலோ ரொட்டியோ சாப்பிட்டுப் படுத்தால் ஒன்றும் ஆகிவிடாது.

அந்த நான்கு நண்பர்களும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து கொடுத்ததும் விடியற்காலைக்குள் தெளிந்துவிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் சரியாகிவிடும். ஆனால் மூச்சு வாங்குவது, நாக்கோ உதடோ வீங்குவது, மயக்கம், வாயைச் சுற்றி மரத்துப்போவது, கை கால் தளர்வது, இவற்றில் எது வந்தாலும் கூடாரத்தில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தொண்டையில் முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கி அதை உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், இன்னும் ஆழமாகக் குத்திவிடும். வரும்போது மிச்ச மீனில் ஒரு துண்டையோ, மீனின் போட்டோவையோ கொண்டு வாருங்கள். எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள், எதில் வைத்திருந்தீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.