புவிசார் குறியீடு வந்தாச்சு சரி, உங்க பேரு எங்கண்ணே?

இந்த மாசத்துல இவரு நாலாவது ஆளு. பூம்பாறைல இருந்து காலங்காத்தால பஸ் புடிச்சு மூஞ்சிக்கல்ல இருக்கற என் ஆபீஸுக்கு வந்து, கிழிஞ்ச வலைப்பை ஒண்ண மேஜைல போட்டாரு. லேபிள்ல கொடைக்கானல் மலைப்பூண்டுன்னு இருக்கு, உள்ள வடக்க இருந்து லாரில வந்த பூண்டு. பாதிய கடைக்காரன் மேலயே எறிஞ்சுட்டு மீதிய கொண்டாந்திருக்காரு, பில்லும் வாங்கல. "நம்ம பூண்டுக்குத்தான் கவர்மெண்டு முத்திரை குத்திருச்சே வக்கீலம்மா, இவனை ஏன் இன்னும் புடிக்கல?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொண்டை போச்சு. அது முத்திரை இல்லண்ணே, புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ல வெளையற பூண்டுக்கு மட்டுந்தான் இந்தப் பேருன்னு ஒரு பதிவு. 2019ல பதிவானது பூண்டோட பேரு, உங்க பேரு இல்ல. சென்னை கிண்டில இருக்கற புவிசார் குறியீடு ஆபீஸோட பதிவேட்டுல ரெண்டு பாகம் இருக்கு, ஏ பாகத்துல பொருள், பி பாகத்துல அந்தப் பேரை யூஸ் பண்ண உரிமை உள்ளவங்க. நீங்க மூணு தலைமுறையா பூண்டு போட்டாலும் பி பாகத்துல பேரு இல்லேன்னா அந்தக் குறியீட்டப் போட்டு விக்க உங்களுக்கே உரிமை கெடையாது, அப்புறம் எங்க கேஸ் போடறது? ஊருக்கு ரேஷன் கடை வந்துருச்சுன்னு கார்டே எடுக்காம போய் அரிசி கேட்டா குடுப்பானா? அந்த மாதிரிதான் இதுவும். இத்தனைக்கும் பி பாகத்துல பேரு சேக்க 500 ரூபாயா இருந்த பீஸை 2020லயே 10 ரூபாயா கொறச்சுட்டாங்க, இங்க ஒரு டீக்கே பத்துக்கு மேல ஆகுது.

சட்டம் பல்லில்லாததுன்னும் சொல்லாதீங்க. போலிக்கு 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயிலு, 50,000 முதல் 2 லட்சம் வரைக்கும் அபராதம். ஆனா வாரண்ட் இல்லாம கடைக்குள்ள புகுந்து பறிமுதல் பண்ண டிஎஸ்பி ரேங்க் ஆபீசராவது வேணும், அவரும் முதல்ல அந்தக் கிண்டி ஆபீஸ் பதிவாளர்கிட்ட கருத்து வாங்கணும். ஏட்டையாகிட்ட போய் கத்துனா அவரு என்ன பண்ணுவாரு பாவம்.

இன்னொருத்தரு போன வாரம் பி பாகத்துல கெடைச்ச தன் உரிமைய மச்சான் கம்பெனிக்கு வாடகைக்கு விடலாமான்னு கேட்டாரு. முடியாது சாமி, விக்கவும் முடியாது, அடமானமும் வைக்க முடியாது, உங்களுக்கப்புறம் உங்க வாரிசுக்குத்தான் போகும்.

அதனால தயவு செஞ்சு இனிமே போலிய பாத்தீங்கன்னா சண்டை போடாதீங்க. காசு குடுத்து வாங்குங்க, பில்லு கேளுங்க, பையப் பிரிக்காம அப்படியே வைங்க, கடையையும் லேபிளையும் போட்டோ எடுத்துக்கங்க. சுத்திப் பாக்க வர்றவங்களும் சும்மா மலைப்பூண்டான்னு கேக்காம எந்த ஊர்க் காட்டுல வெளஞ்சதுன்னு கேளுங்க, மன்னவனூரு, கூக்கால், பூண்டின்னு வாயில வருதான்னு பாருங்க.

பூம்பாறை அண்ணன்கிட்ட பி பாகத்துல பேரு சேக்கற விண்ணப்பத்த நீட்டுனேன். "அறுவடை முடியட்டும்மா"ன்னாரு. போன வருஷமும் இதே பதில்தான், அதனால இந்தத் தடவை கையெழுத்து வாங்காம பஸ் ஏற விடல. பத்து ரூபாய நானே போட்டேன், பதிலுக்கு மீதிப் பூண்ட இங்கயே வச்சுட்டுப் போயிட்டாரு, வாசமே இல்ல.