அதிரசம் ஏன் எண்ணெயில் கரைகிறது?

சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ வீட்டில் முதல் அதிரசத்தைத் தட்டி எண்ணெயில் போட்டேன். அது அடியில் போய் உட்கார்ந்தது. ஓரமெல்லாம் நுரை கிளம்பியது. பத்து நொடியில் அதிரசம் என்று சொல்ல எதுவும் இல்லை, சட்டி முழுக்கப் பழுப்பு நிறச் சேறு. இரண்டாவதும் அப்படியே. ஹாலில் உட்கார்ந்திருந்த ஆயா (என் பாட்டி) எழுந்துகூட வராமல், "பாகை அவசரப்பட்டு இறக்கிட்டடி" என்றார். எண்ணெய் போட்ட இரைச்சலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

அதிரசத்தில் சேர்வது பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், சுக்கு, கொஞ்சம் நெய். அவ்வளவுதான். கோதுமை மாவைப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரதம் வலை போலப் பின்னி எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அரிசியில் அந்த வலை கிடையாது. மாவுத் துகள்களை ஒட்டவைப்பது பாகு ஒன்றுதான். எண்ணெயில் விழுந்த பிறகு, துகள்களில் உள்ள மாவுச்சத்து ஓரளவு வெந்து கெட்டிப்படும்வரை பாகு தன் பிடியை விடக்கூடாது. பாகில் தண்ணீர் கூடியிருந்தால் சூடு பட்டதும் அது நீர்த்து ஓடும். உள்ளே கிளம்பும் நீராவி துகள்களை முட்டிப் பிரித்துவிடும். ஆயா காதில் விழுந்தது அந்த நீராவிதான்.

சரி, எவ்வளவு தண்ணீர் கூடினால் இந்தக் கதி?

வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கத் தொடங்கி அங்கேயே நின்றுவிடும். பாகு நிற்காது. தண்ணீர் ஆவியாகப் போகப் போகச் சர்க்கரையின் செறிவு ஏறும், கூடவே கொதிநிலையும் ஏறும். ஆக, கொதிக்கும் பாகின் வெப்பநிலையைப் பார்த்தால் அதில் மிச்சமிருக்கும் தண்ணீரைச் சொல்லிவிடலாம். 110, 111 டிகிரியில் பாகில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை. 114 டிகிரி வாக்கில் 85 சதவீதம். எங்கள் வீட்டு அளவு ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். கணக்கு எளிதாக இருக்க வெல்லம் முழுவதையும் சர்க்கரை என்றே வைத்துக்கொள்வோம். 85 சதவீதப் பாகில் இருக்கும் தண்ணீர் சுமார் 132 கிராம், 80 சதவீதப் பாகில் சுமார் 187 கிராம். வித்தியாசம் 55 கிராம். நாலு மேசைக்கரண்டிகூட முழுதாக இல்லை. அடுப்பில் இன்னும் சில நிமிடம் விட்டிருந்தால் போயிருக்கும் தண்ணீர் அது.

இதில் ஒரு வசதியும் உண்டு. வெல்லத்தைக் கரைக்க முதலில் ஊற்றும் தண்ணீருக்குக் கறாரான அளவு தேவையில்லை. அரை டம்ளர் கூடிப்போனால் காய்ச்சும் நேரம் கூடும், அவ்வளவே. மண் வடிகட்டத் தோதாகத் தாராளமாகவே ஊற்றலாம்.

ஆயாவிடம் தெர்மாமீட்டர் கிடையாது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு விரல். கொதிக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டுவார். கரைந்து ஓடினால் ஆகவில்லை. கூட்ட வந்தும் கையில் பிசுபிசுவென்று கம்பியாக நீண்டால் அப்போதும் ஆகவில்லை. பழுத்த தக்காளி போல உருண்டு, தூக்கினால் லேசாகத் தளர வேண்டும். அதற்குப் பெயரே தக்காளிப் பதம்தான். கிண்ணத்தில் போட்டதும் 'டங்' என்று சத்தம் வந்தால் அது கடலை மிட்டாய்க்குத்தான் ஆகும், அதிரசம் கல்லாகிவிடும்.

சேற்றுத் தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். சிங்கப்பூர் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர் என்பதால் 114 என்றால் 114தான். ஊட்டி போன்ற உயரத்தில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும், பாகின் எண்ணும் அதே அளவு இறங்கும். அங்கே போய் 114 வரை காய்ச்சினால் பாகு முற்றிவிடும். விரல் சோதனைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆறிய பாகு எவ்வளவு இறுகும் என்பதை அது நேராகவே தொட்டுப் பார்த்துவிடுகிறது. ஒன்று மட்டும்: கிண்ணத்தில் ஃபிரிட்ஜ் தண்ணீரை ஊற்றினால் பதமாகாத பாகும் இறுகினதுபோல நடிக்கும். நான் அன்று ஏமாந்தது அதில்தான். குழாய்த் தண்ணீர் போதும்.

இத்தனைக்கும் மாவில் சேரும் தண்ணீரில் பெரிய பங்கு பாகிலிருந்து வருவதில்லை, அரிசியிலிருந்து வருகிறது. கடையிலிருந்து வரும் அரிசியில் 13 சதவீத அளவுக்கு ஈரம் இருக்கும். இரண்டு மணி நேரம் ஊறினால் 30 சதவீதத்தை எட்டும். ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட கால் லிட்டர் தண்ணீரை அது குடித்திருக்கும். அதனால்தான் ஆயாவுக்குப் பாகைவிட அரிசி உலரும் துணி மேல்தான் கண். மின்விசிறிக்குக் கீழே பழைய வேட்டியை விரித்துப் பரப்பி, கால் மணிக்கொரு தரம் அள்ளிப் பார்ப்பார். பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உள்ளங்கையில் ஒட்டக்கூடாது. ஊரில் இதற்கு இவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாராம். இங்கே தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் இடிமழை வழக்கம். மழை கொட்டும்போது துணியில் கிடக்கும் அரிசி காய்வேனா என்று கிடக்கும். சிங்கப்பூருக்கு வந்ததும் அந்தக் கணக்கைக் கைவிட்டுவிட்டு உள்ளங்கையை மட்டும் நம்ப ஆரம்பித்தார்.

"பாக்கெட் மாவு வாங்கினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: நானும் செய்து பார்த்தேன். பாக்கெட் மாவு பெரும்பாலும் காய்ந்த அரிசியை அரைத்தது. காய்ந்த அரிசியை உடைக்க அதிக விசை வேண்டும், சூடும் ஏறும். அந்த இடிபாட்டில் மாவுச்சத்து மணிகளே சிதைகின்றன. சிதைந்த மணி முழு மணியைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும். ஊறிய அரிசி மெத்தென்று உடைவதால் மணிகள் அவ்வளவாகச் சேதப்படுவதில்லை. பாக்கெட் மாவு பாகிலிருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் இழுத்துக்கொண்டு வெடித்துப்போனது. தண்ணீர் தெளித்துச் சரிசெய்யப் பார்த்தேன், மறுபடி சேறு. ஈர அரிசியை மிக்ஸியில் நாலு கைப்பிடியாக அரைத்துச் சலிப்பதுதான் வழி. இதில் குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெல்லத்துக்குப் பதில் வெள்ளைச் சீனி போட்டும் சிலர் செய்வார்கள். சீனி கிட்டத்தட்ட முழுக்கச் சுக்ரோஸ். ஒரே அச்சில் வார்த்த செங்கற்கள் போல அதன் மூலக்கூறுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து படிகமாகிவிடும். பாகு பூத்துவிட்டது என்று சொல்வோமே, அதுதான். வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் கலந்திருக்கும். நடுவில் நுழையும் இந்த வேறு அளவுக் கற்கள் அடுக்கைக் கலைக்கின்றன. அதனால் வெல்ல அதிரசம் பல நாள் மெத்தென்றே இருக்கும். ஒரு வருடம் குலா மலாக்காவில் செய்தேன். தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சியது, வாசனை அள்ளும், நிறம் சட்டென்று கறுத்துவிடும். ஆயா ஒன்று தின்றுவிட்டு "இது வேற பலகாரம்" என்றார்.

பாகில் மாவைக் கொட்டிக் கிளறியதும் பார்த்தால் களிபோலத் தளர்வாக இருக்கும். பயந்து மேலும் மாவைக் கொட்டக்கூடாது. சூடான பாகு இளகியிருக்கிறது, ஆறினால் தானாக இறுகும். அப்புறம் ஒரு நாளோ இரண்டு நாளோ மூடிவைப்பார்கள். அந்த நேரத்தில் ஈரமும் சர்க்கரையும் துகளுக்குத் துகள் நகர்ந்து சமமாகப் பரவுகின்றன. அதுவரை ஓரிடம் ஈரம், ஓரிடம் காய்ச்சல். உடனே தட்டினால் விரிசல் விடும். இத்தனை ஈரம் இருந்தும் மாவு ஏன் கெடுவதில்லை? தண்ணீரைச் சர்க்கரை பிடித்துவைத்திருப்பதால் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு அது எட்டாது. சர்க்கரையைச் சமாளிக்கத் தெரிந்த ஈஸ்ட்டும் பூஞ்சையும் உண்டு. அதனால் இந்த ஊர் வெக்கையில் இரண்டு நாளுக்கு மேல் என்றால் எனக்கு ஃபிரிட்ஜ்தான்.

சுடும்போது தீ மிதமாகவே இருக்க வேண்டும். மாவு முழுக்கச் சர்க்கரை என்பதால் எண்ணெய் ரொம்பக் காய்ந்தால் மேலே கருகும், நடுவில் பச்சையாக நிற்கும். எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து ஆயா ஒரு அழுத்து அழுத்துவார். நான் வெகுகாலம் அதை அழகுக்காக என்று நினைத்திருந்தேன். அதிரசம் எண்ணெயில் கிடக்கும்வரை உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே நுழைய முடியாது. வெளியே எடுத்ததும் உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து நீராகிச் சுருங்கும், உள்ளே அழுத்தம் குறையும், மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படும். பொரித்த பண்டங்கள் எண்ணெயில் பெரும்பகுதியைக் குடிப்பது சட்டிக்கு வெளியேதான். அந்தச் சில நொடிக்குள் அழுத்திவிட வேண்டும். பத்து அதிரசத்தைக் குவித்துவைத்து நிதானமாகப் பிழிந்தால் வேலைக்காகாது.

சுட்ட அன்று ஓரம் மொறுமொறு. மறுநாள் நடுவிலிருக்கும் ஈரம் ஓரத்துக்கு நகர்ந்து எல்லா இடமும் ஒரே பதம். எனக்குப் பிடித்தது மறுநாள் அதிரசம்தான். அதற்கப்புறம் ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 85 சதவீதத்தைத் தாண்டினால் சுக்ரோஸ் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். குளுக்கோஸுக்கு அந்த எல்லை 74 வாக்கில், ஃபிரக்டோஸுக்கு 62 வாக்கில். மூன்றும் கலந்திருந்தால் இன்னும் கீழே. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி 82 சதவீதத்தை ஒட்டி, விடியற்காலையில் 90க்கும் மேல். திறந்து வைத்த வெல்லம் வியர்ப்பதும் அதிரசம் கையில் ஒட்டுவதும் இதனால்தான். இறுக்கமான மூடி போட்ட டின், அதுவும் நன்றாக ஆறிய பிறகு.

டின்னில் அடைக்கும் முன் ஒரு தட்டு பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மாக்சிக்குக்குப் போகும். போன வருடம் தட்டு வெறுமனே திரும்பவில்லை; அரிசி மாவும் பனைவெல்லமும் சேர்த்துச் சுட்ட டெண்டெரம் என்ற மலாய்ப் பலகாரம் வந்தது. அதிரசத்துக்குத் தங்கை முறை என்று சொல்லலாம், நடுவில் மட்டும் ஓட்டை. யோசித்தால் நல்ல ஏற்பாடு. வேகத் தாமதமாகும் நடுப்பகுதியே அதில் கிடையாது, இரண்டு பக்கமும் சூடு ஏறும். நம் பக்கத்திலும் சில ஊர்களில் அதிரசத்துக்கு ஓட்டை போடுவார்கள். எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இந்தத் தீபாவளிக்கு நாலு அதிரசத்திலாவது போட்டுப் பார்க்கலாமா என்று ஆயாவிடம் கேட்டேன்.

"அதுக்கு வடையே சுட்டுடேன்டி" என்றார்.